108 கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கும் வேலை: அழைப்பு, தூக்கம், மனநலம்

கேள்வி: தங்கை 108 ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அழைப்பு எடுக்கும் வேலையில் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் தூங்க முடியவில்லை என்கிறாள். சில அழைப்புகள் காதிலேயே நிற்கின்றன என்கிறாள். வீட்டில் "போன்ல பேசுற வேலைதானே, இதுக்கு என்ன?" என்கிறார்கள். வேலையை விடச் சொல்வதா, சமாளிக்க வழி இருக்கிறதா?

பதில்:

விடச் சொல்வதற்கு முன் எது அவரை வருத்துகிறது என்று பிரித்துப் பாருங்கள். அழைப்பின் கனமா, தூக்கமின்மையா, வண்டி இல்லாமல் கைபிசைந்து நின்ற நேரங்களா, மேலதிகாரி நிமிடக் கணக்கு கேட்பதா? நான்குக்கும் மருந்து வேறு. இந்த வேலையால் வரும் பாதிப்பில் பெரும்பகுதி வேலை அமைந்திருக்கும் விதத்திலிருந்து வருகிறது. அதனால் "மனதைத் திடமாக வைத்துக்கொள்" என்ற அறிவுரை மட்டும் ஒன்றுக்கும் உதவாது.

முதலில் வீட்டாருக்கான பதில். ஆம்புலன்ஸில் போகும் மருத்துவ உதவியாளர் நோயாளியைப் பார்க்கிறார், தொடுகிறார், ரத்தத்தை நிறுத்துகிறார், மருத்துவமனையில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குகிறார். அவருக்கு ஒரு தொடக்கமும் முடிவும் கிடைக்கிறது. போன் எடுப்பவருக்குக் கிடைப்பது நடுவில் அறுந்த துண்டு. அலறல் கேட்கிறது, வண்டி போய்ச் சேர்கிறது, இணைப்பு துண்டிக்கப்படுகிறது, சில நொடிகளில் அடுத்த அழைப்பு. அந்தக் குழந்தை பிழைத்ததா என்று தெரியாது. கண்ணால் பார்க்காததால் மனம் தானே ஒரு காட்சியை உருவாக்கிக்கொள்கிறது; அது பெரும்பாலும் நிஜத்தைவிடக் கொடூரமாக இருக்கும். உடம்பில் அட்ரினலின் ஏறியிருக்கும், ஆனால் ஓடவோ தூக்கவோ வேலை இல்லை, நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் நார்தர்ன் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012ல் 171 அவசர அழைப்புப் பணியாளர்களிடம் கேட்டு வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் முக்கியமானது. தங்கள் பணிக்காலத்தின் மிக மோசமான அழைப்பு என்று அதிகம் பேர் சொன்னது, குழந்தைக்கு எதிர்பாராமல் நேர்ந்த காயம் அல்லது மரணம். அடுத்த இடத்தில் தற்கொலை எண்ணத்தோடு பேசியவர்களின் அழைப்பு. சம்பவ இடத்துக்கே போகாதவர்களுக்கும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் வரும் என்பதை அது பதிவு செய்தது. இத்தனைக்குப் பிறகும் அந்நாட்டின் 2018ம் ஆண்டு தொழில் வகைப்பாடு இவர்களை அலுவலக உதவிப் பணியாளர் பிரிவில்தான் வைத்தது, போலீஸும் தீயணைப்பு வீரரும் இருக்கும் பிரிவில் அல்ல. "போன்ல பேசுற வேலைதானே" என்ற எண்ணம் நம் வீட்டில் மட்டும் இருப்பதல்ல.

இனி வேலைக்கு வருவோம். ஓர் அழைப்பை முறையாகக் கையாண்டோம் என்ற உறுதி இருந்தால், முடிவு மோசமானாலும் அந்த அழைப்பு மனதில் அரிப்பது குறைகிறது. அதனால் கைத்திறனும் மனநலமும் இந்த வேலையில் தனித்தனி விஷயங்கள் அல்ல.

முதல் கேள்வி எப்போதும் இடம். என்ன நடந்தது என்பது அப்புறம். இணைப்பு பாதியில் அறுந்தாலும் இடம் தெரிந்தால் வண்டியை அனுப்பிவிடலாம். நோய் மட்டும் தெரிந்தால் எதுவும் செய்ய முடியாது. செல்போன் கோபுரம் காட்டும் இடம் கிராமப்புறத்தில் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். போனின் ஜிபிஎஸ் தகவல் கிடைத்தாலும் வாயால் ஒருமுறை உறுதி செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் புதூர், புதுப்பட்டி, பாளையம் என்ற பெயர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கின்றன. ஆகவே ஊர்ப் பெயரோடு தாலுகா, பக்கத்துப் பெரிய ஊர், கோயில் அல்லது ரேஷன் கடை என்று மூன்று அடையாளம் கேட்டுவிட வேண்டும். நெடுஞ்சாலை விபத்தில் போக்குத் திசைதான் பெரிய சிக்கல். "விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம்" என்றால் போதாது. டோல்கேட்டைத் தாண்டியா, தாண்டுவதற்கு முன்பா, சென்னைக்கு வரும் ரோடா, திருச்சிக்குப் போகும் ரோடா, கிலோமீட்டர் கல்லில் என்ன எண் என்று கேட்க வேண்டும். எதிர்த் திசைக்கு அனுப்பிய வண்டி திரும்புவதற்கு வழி தேடியே பத்து நிமிடம் போய்விடும். பிறகு, திரும்ப அழைக்க வேண்டிய எண்ணைச் சரிபார்க்க வேண்டும். அழைத்தவர் வழிப்போக்கராக இருந்தால் அவர் கிளம்பிவிடுவார். அங்கேயே இருக்கப்போகிற ஒருவரின் எண்ணையும் வாங்கிக்கொள்வது நல்லது.

அடுத்தது இரண்டே கேள்விகள். நினைவு இருக்கிறதா? மூச்சு சாதாரணமாக இருக்கிறதா? இதில் நம் பேச்சு வழக்கு ஒரு தடையாக நிற்கும். "மயக்கமா இருக்கார்" என்றால் தலைசுற்றலாகவும் இருக்கலாம், நினைவிழந்தும் இருக்கலாம். "இழுக்குது" என்றால் ஆஸ்துமாவாகவும் இருக்கலாம், வலிப்பாகவும் இருக்கலாம், இதயம் நின்றபின் வரும் கடைசி மூச்சாகவும் இருக்கலாம். "கூப்பிட்டா கண்ணைத் திறக்கிறாரா? வாயைத் திறந்து பேசுறாரா? நெஞ்சு மேல கீழ ஏறி இறங்குதா, எத்தனை நொடிக்கு ஒரு தடவை?" என்று கேட்டால்தான் பிரியும். மாரடைப்பால் இதயம் நின்றவர் முதல் சில நிமிடங்களுக்குக் குறட்டை போலவோ கொர்கொர் என்றோ விட்டுவிட்டு மூச்சு இழுப்பதுண்டு. அதை "மூச்சு இருக்கு" என்று குடும்பத்தார் சொல்வார்கள். உலகெங்கும் அழைப்பு மையங்களில் இதய நிறுத்தம் தவறவிடப்படுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

நினைவும் இல்லை, சாதாரண மூச்சும் இல்லை என்றால் போனிலேயே நெஞ்சழுத்தம் சொல்லிக்கொடுக்க வேண்டும். கட்டிலில் இருந்து இறக்கித் தரையில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லுங்கள். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். நெஞ்சின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் மற்றொரு கை, முழங்கை மடங்காமல். பெரியவர்களுக்கு ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. எண்ணிக்கையை அழைப்பு எடுப்பவரே உரக்கச் சொன்னால்தான் வேகம் குறையாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றச் சொல்ல வேண்டும். களைப்பு தெரிவதற்கு முன்பே அழுத்தத்தின் ஆழம் குறைந்துவிடும் என்பதால் இது அவசியம்.

அழைப்பவர் கதறிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி தீயணைப்புத் துறையில் மருத்துவராக இருந்த ஜெஃப் கிளாசன் 1970களின் இறுதியில் அழைப்புகளுக்கான கேள்வி அட்டைகளை உருவாக்கினார். இன்று பல நாடுகள் பயன்படுத்தும் முறைக்கு அவைதான் அடிப்படை. அவருடைய வழிமுறையில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது ஒரே வாக்கியத்தை, ஒரே குரலில், காரணத்தோடு சேர்த்துத் திரும்பத் திரும்பச் சொல்வது. "அம்மா, மூச்சு இருக்கான்னு பார்த்துச் சொன்னாத்தான் நான் உதவ முடியும். அம்மா, மூச்சு இருக்கான்னு பார்த்துச் சொன்னாத்தான் நான் உதவ முடியும்." வார்த்தையை மாற்றினால் அவர் புதிதாக ஒன்றைக் கேட்பதாக நினைத்துக் குழம்புவார். குரலை உயர்த்தினால் அவரும் உயர்த்துவார். "அமைதியா இருங்க", "கத்தாதீங்க" இரண்டும் பலிக்காது, கோபம்தான் வரும். மூன்றாவது நான்காவது முறையில் பெரும்பாலானவர்கள் காதைக் கொடுத்துவிடுவார்கள்.

மற்ற அவசரங்களுக்கும் இப்படிச் சுருக்கமான சொற்றொடர்கள் நாக்கில் இருக்க வேண்டும். பாம்புக்கடி: கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், கடித்த காலை அசைக்காமல் வையுங்கள், கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து குடித்தவர்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மருந்து பட்ட துணியைக் கழற்றுங்கள், பாட்டிலை வண்டியில் கொடுத்தனுப்புங்கள். தீக்காயம்: ஓடும் தண்ணீரில் 20 நிமிடம், மாவோ பேஸ்ட்டோ வேண்டாம். வண்டி வருவதற்குள் பிரசவம்: இழுக்காதீர்கள், குழந்தையைத் துடைத்துத் தாயின் நெஞ்சோடு போர்த்துங்கள், தொப்புள்கொடியை அறுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் மையத்தில் இருக்கும் மருத்துவரை அழைப்பில் இணைக்கலாம். அதைத் தயங்காமல் கேட்பது நல்ல பணியாளரின் அடையாளம்.

"இதோ வந்துடும்", "அஞ்சே நிமிஷம்" என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. வண்டி கிளம்பிவிட்டது என்று திரையில் தெரிந்தபின் "வண்டி கிளம்பிடுச்சு, பைலட் உங்களைக் கூப்பிடுவார்" என்று சொல்லலாம் (108 வண்டி ஓட்டுநரைப் பைலட் என்பார்கள்). தூரம் அதிகம் என்றால் அதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் கையில் இருக்கும் வாகனத்தை யோசிக்கட்டும். அழைத்தவருக்கு நேர்மையாக இருப்பது ஒரு பக்கம். பல மாதம் கழித்தும் பணியாளரைக் குத்துவது பெரும்பாலும் தான் சொன்ன, நடக்காமல் போன வாக்குறுதிதான். அருகில் வண்டியே இல்லாத நேரத்தில் எந்தெந்த நிலையங்களில் கேட்டோம், எத்தனை மணிக்கு மேற்பார்வையாளரிடம் சொன்னோம் என்று குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். விசாரணை வந்தால் அது பாதுகாப்பு. அதற்கும் மேலாக, நடுராத்திரியில் "நான் இன்னும் ஏதாவது செய்திருக்கலாமோ?" என்று மனம் கேட்கும்போது சொல்வதற்கு அதுவே பதில்.

உண்மையான அவசரத்தைவிட அவசரமில்லாத அழைப்புகள் களைப்பைத் தருவது இன்னொரு விஷயம். குழந்தை விளையாட்டாக அழுத்தியது, பாக்கெட்டில் தானாகப் போனது, ரீசார்ஜ் விவரம் கேட்பது, குடித்துவிட்டு வம்பளப்பது எனப் பல வகை. பெண் பணியாளர்களிடம் ஆபாசமாகப் பேசுவதற்கென்றே அழைப்பவர்களும் உண்டு. இதைப் பொறுத்துக்கொள்வது வேலையின் பகுதி அல்ல. "இது அவசர எண், பதிவாகிறது, அவசரம் இருந்தால் சொல்லுங்கள்" என்று ஒருமுறை எச்சரித்து, தொடர்ந்தால் அதற்கான குறியீட்டைப் பதிந்து இணைப்பைத் துண்டிக்கலாம். மறுபடி மறுபடி வரும் எண்ணை மேற்பார்வையாளர் போலீஸுக்கு அனுப்ப வேண்டும். புகாரை நிறுவனத்தின் பெயரில் கொடுக்க வேண்டும், அந்தப் பெண்ணின் பெயரில் அல்ல. ஆனால் பேச்சில்லாத அழைப்பை மட்டும் இதே கூடையில் போடக் கூடாது. வீட்டில் அடி வாங்கும் பெண் பேச முடியாமல் அழைத்திருக்கலாம். கழுத்து நெரிபட்டவர், பக்கவாதம் வந்தவர் பேச முடியாமல் இருக்கலாம். "பேச முடியலைன்னா போனை ரெண்டு தடவை தட்டுங்க" என்று சொல்லிப் பத்து நொடி பின்னணிச் சத்தத்தைக் கேட்க வேண்டும். பிறகு ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளாகவே கேட்கலாம்.

இப்போது உங்கள் தங்கைக்கு உடனே உதவக்கூடியது: கனமான அழைப்புக்குப் பின் வரும் பத்து நிமிடம். மென்பொருளில் அடுத்த அழைப்பு வராமல் நிறுத்தும் "நாட் ரெடி" என்ற நிலை இருக்கும். அதைப் போட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும். நாற்காலியிலேயே உட்கார்ந்து போனைப் பார்ப்பது ஓய்வல்ல. இரண்டு மாடிப் படி ஏறி இறங்கினால், ஏறிய அட்ரினலினுக்கு உடல் ஒரு வேலையைக் கண்டுபிடிக்கும். முகம், கை கழுவ வேண்டும். மூச்சை நான்கு எண்ணிக்கை உள்ளே இழுத்து ஆறு எண்ணிக்கை வெளியே விடுவதை ஐந்து நிமிடம் செய்யலாம். வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் இதயத் துடிப்பைத் தணிக்கும். பிறகு திரும்பி வந்து குறிப்பை முடித்து, அழைப்பை முறையாக மூட வேண்டும். பாதி எழுதிய குறிப்போடு அடுத்த அழைப்பை எடுப்பது இரண்டையும் கெடுக்கும்.

அன்றே எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தும் கூட்டங்கள் ஒரு காலத்தில் பல நாடுகளில் நடந்தன. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2002ல் வெளியிட்ட தொகுப்பு, ஒரே அமர்வில் நடக்கும் அத்தகைய கட்டாயப் பேச்சு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தைத் தடுக்கவில்லை, சிலருக்கு நிலைமையை மோசமாக்கவும் கூடும் என்று சொன்னது. ஆகவே பேச விரும்பினால் பேச ஒருவர் இருக்க வேண்டும், விரும்பாவிட்டால் விட்டுவிட வேண்டும். அந்த ஒருவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து பழகிய சக பணியாளராக இருப்பது நல்லது. மதிப்பெண் போடும் டீம் லீடராக இருக்கக் கூடாது. அவரிடம் சொல்வது மேலே போகாது என்ற உத்தரவாதமும் வேண்டும்.

அறுந்த துண்டை ஒட்டவைக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. 108 நடைமுறையில் 48 மணி நேரம் கழித்து நோயாளியின் நிலையை விசாரிக்கும் வழக்கம் உண்டு. அந்தத் தகவல் புள்ளிவிவர அறிக்கைக்குப் போய் நின்றுவிடாமல், அழைப்பை எடுத்தவரின் திரைக்கும் வர வேண்டும், அவர் விரும்பினால். இறந்துவிட்டார் என்ற செய்திகூட, தெரியாமல் இருப்பதைவிடப் பலருக்கு ஆறுதலாக இருக்கிறது. பிழைத்தவர்களின் செய்தி எவ்வளவு உதவும் என்று சொல்லவே வேண்டியதில்லை. இதற்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. தங்கை தன் மேற்பார்வையாளரிடம் முதலில் கேட்க வேண்டிய ஒரே விஷயம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பழைய பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்பது வேண்டாம். தர ஆய்வுக்காகவோ நீதிமன்றத்துக்காகவோ கேட்க நேர்ந்தால் பகலில், பக்கத்தில் ஒருவரோடு, தேவையான பகுதியை மட்டும் கேட்கட்டும். பதிவைத் தன் செல்போனில் ஏற்றிக்கொள்வது கூடவே கூடாது. நோயாளியின் அந்தரங்கமும் போகும், வேலையும் போகும்.

தூக்கம் இன்னொரு பெரிய பகுதி. உங்கள் தங்கையின் சிக்கலில் பாதி இதுவாகவே இருக்கலாம். தூக்கம் கெட்ட மூளையால் கனமான நினைவுகளை அடுக்கி வைக்க முடியாது, அவை மேலே மிதந்துகொண்டே இருக்கும். ஷிஃப்ட் மாற்றம் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் முன்னோக்கி நகர வேண்டும். இரவிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து காலைக்கும் பின்னோக்கிப் போனால் உடல் தடுமாறும். இரண்டு ஷிஃப்ட்டுக்கு நடுவே 11 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தொடர்ந்து மூன்று இரவுகளுக்கு மேல் போடாமல் இருப்பது நல்லது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இரவுப் பணியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் 2007லும் மறுபடி 2019லும் வைத்திருக்கிறது. எனவே இதை வெறும் வசதிக் குறைவாக நினைக்க வேண்டாம்.

நடைமுறையில் இப்படிச் செய்து பார்க்கலாம். இரவு 9 மணிக்குள் வயிறாரச் சாப்பாடு. 1 மணி வாக்கில் இட்லி, சுண்டல், வாழைப்பழம், மோர் போல ஏதாவது கொஞ்சம். நடுராத்திரி பரோட்டாவும் பிரியாணியும் 3 மணிக்குக் கண்ணை இழுக்கும், நெஞ்செரிச்சலையும் கொண்டுவரும். காப்பியில் இருக்கும் காஃபீனில் பாதி உடலைவிட்டுப் போகவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். காலை 8:30க்குத் தூங்க வேண்டும் என்றால் கடைசி டீ 2 மணிக்குள் முடிய வேண்டும். விடியற்காலை 3 முதல் 5 வரை உடல் வெப்பம் மிகக் குறையும் நேரம். அப்போது 20 நிமிடத் தூக்கம் கிடைத்தால் கவனம் மீளும். 40, 50 நிமிடம் தூங்கினால் ஆழ்ந்த உறக்கத்தில் எழுந்து அரை மணி நேரம் மந்தமாக இருக்கும், அந்த நிலையில் அழைப்பை எடுக்கக் கூடாது. வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் காலை வெயில் மூளையை எழுப்பாது. அறையில் தடித்த திரை, மின்விசிறியின் சத்தம், போன் சைலன்ட்டில்.

இங்கேதான் குடும்பத்தின் பங்கு. காலை 8:30 முதல் மதியம் 1:30 வரை அவருக்கு அது நள்ளிரவு. சிலிண்டர் வந்தது, கூரியர் வந்தது, மாமா கூப்பிடுகிறார் என்று எழுப்பாதீர்கள். மாலையில் மறுபடி வேலைக்குப் போகும் முன் ஒன்றரை மணி நேரம் தூங்க விடுங்கள். இரவுத் தொடர் முடியும் நாளில் மட்டும் காலையில் இரண்டு மணி நேரத்தோடு எழுந்து, இரவு சீக்கிரம் படுத்தால் உடல் சீக்கிரம் பழைய நிலைக்கு வரும். "பகல் எல்லாம் தூங்குறா, வீட்டு வேலை செய்யறதில்ல" என்ற பேச்சு எழுந்தால் நீங்கள் நடுவில் நிற்க வேண்டும். திருமணமான பெண்களில் பலர் நைட் முடிந்து வந்து சமைத்துவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படுக்கிறார்கள். அவர்களுக்கு எஞ்சுவது மூன்று மணி நேரத் தூக்கம்தான்.

காது, தொண்டை, முதுகு மூன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹெட்செட்டில் திடீர் அலறலை வெட்டும் ஒலி வரம்பு இருக்கிறதா என்று கேளுங்கள்; இந்த வேலைக்கான நல்ல ஹெட்செட்டுகள் 118 டெசிபலுக்கு மேல் போக விடாது. மெல்லிய குரலுக்காக ஒலியை ஏற்றினால் அழைப்பு முடிந்ததும் இறக்கிவிட வேண்டும், மறந்தால் அடுத்த அலறல் காதைப் பதம் பார்க்கும். ஒற்றைக் காது ஹெட்செட்டானால் மணிக்கு ஒருமுறை காதை மாற்றலாம். காது உறை ஆளுக்கு ஒன்று, பகிரக் கூடாது. காதில் இரைச்சலோ அடைப்போ ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் காது மருத்துவரிடம் போக வேண்டும். தண்ணீர் பாட்டில் கைக்கு எட்டும் இடத்தில். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில்.

மையத்தை நடத்துபவர்கள் இதைப் படித்தால், ஒரு கணக்கு. மற்ற எல்லாக் குறைகளுக்கும் வேர் ஆள் பற்றாக்குறைதான். ஒரு நாற்காலியை 24 மணி நேரமும் 365 நாளும் நிரப்ப 8,760 மணி நேரம் வேண்டும். ஒரு பணியாளருக்கு வார விடுப்பு 52 நாள், மற்ற விடுப்பு, பண்டிகை, உடல்நலக் குறைவு, பயிற்சி எல்லாம் சேர்த்து 40 நாள் என்று வைத்தால் மிஞ்சுவது 273 நாள். 8 மணி நேர ஷிஃப்ட்டில் உணவு, ஓய்வு 45 நிமிடம் போக 7.25 மணி நேரம். பெருக்கினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,979 மணி நேரம். 8,760ஐ இதால் வகுத்தால் 4.43 வருகிறது. மூன்று ஷிஃப்ட்டுக்கு மூன்று பேர் என்று கணக்குப் போட்டு 20 நாற்காலிக்கு 60 பேரை எடுத்தால் 29 பேர் குறைவு. அந்த 29 பேரின் வேலை மற்ற 60 பேரின் ஓய்விலிருந்துதான் எடுக்கப்படும்: இடைவேளை வெட்டு, டபுள் டியூட்டி, மறுக்கப்பட்ட விடுப்பு. கனமான அழைப்புக்குப் பின் பத்து நிமிடம் எழுந்து போகச் சொல்லும் அறிவுரை அங்கே வெறும் காகிதத்தில் நிற்கும்.

இன்னொன்று அளவுகோல். 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் தொடங்கி 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்த 108 சேவை, தொழில்நுட்பத்தில் கால் சென்டர் முறையை ஒட்டி வளர்ந்தது. அதனால் சராசரி அழைப்பு நேரம் என்ற அளவும் கூடவே வருகிறது. அழைப்பை எடுக்கும் வேகத்தை அளக்கலாம், வண்டியை ஒதுக்கும் வேகத்தை அளக்கலாம். பேசிய நேரத்தை அளந்து குறைக்கச் சொன்னால், நெஞ்சழுத்தம் சொல்லிக்கொடுத்து வண்டி வரும்வரை எட்டு நிமிடம் கூடவே இருந்தவர் மோசமான பணியாளராகத் தெரிவார். அந்த ஒரு எண்ணை மதிப்பீட்டிலிருந்து எடுத்தாலே பலரின் மூச்சு சீராகும்.

எப்போது இது சாதாரண அழுத்தத்தைத் தாண்டுகிறது? கனமான அழைப்புக்குப் பின் சில நாள் கனவு, படபடப்பு, எரிச்சல் வருவது இயல்பு, பெரும்பாலானவர்களுக்குத் தானே தணியும். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் தள்ளிப்போடக் கூடாது. அதே குரல் விழித்திருக்கும்போதும் கேட்பது, போன் மணி அடித்தாலே உடல் தூக்கிப்போடுவது, அந்த ஊர்ப் பெயரையோ குழந்தைகளின் அழுகையையோ தவிர்ப்பது, யாரிடமும் ஒட்டாமல் மரத்துப்போவது, தன் மேல் ஓயாத குற்ற உணர்வு ஆகியவை அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தின் அறிகுறிகள். மனச்சோர்வைச் சோதிக்க பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் இருக்கிறது. மொத்தம் 27ல் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடைசிக் கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு "இல்லை" தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் அன்றே உதவி தேட வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டின் 104 சுகாதார உதவி எண்ணிலும் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பக்கத்து இருக்கைக்காரரே எடுப்பாரோ என்ற கூச்சம் இருந்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரில் போகலாம். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் பேச்சின் வழியே மாற்றும் சிகிச்சை) இதற்கு நன்கு வேலை செய்கிறது. மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கும் தூக்க மாத்திரையும், தூக்கத்துக்காகக் குடிப்பதும் இந்த நோயை நீட்டிக்கும்.

வீட்டில் நீங்கள் பேசும் விதமும் முக்கியம். "இன்னைக்கு என்ன கேஸ் வந்தது?" என்று ஆர்வத்தில் கேட்காதீர்கள். "இதையெல்லாம் மனசுல வெச்சுக்காதே" என்பதும் கதவைச் சாத்துவதுதான். "இன்னைக்கு எப்படி இருந்தது, பேசணுமா, சும்மா இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லும் பதிலை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இனி, விடுவதா என்ற கேள்வி. மேலே சொன்ன அறிகுறிகள் இல்லாமல் தூக்கமும் களைப்பும் மட்டும்தான் என்றால், தூக்கத்தைச் சரிசெய்து ஆறு முதல் எட்டு வாரம் பாருங்கள். அறிகுறிகள் இருந்தால் முதலில் சிகிச்சை, பிறகு முடிவு. நோயின் நடுவில் எடுக்கும் ராஜினாமா முடிவு பெரும்பாலும் "என்னால் முடியவில்லை" என்ற காயமாகத் தங்கிவிடுகிறது. விடுவதற்கும் தொடர்வதற்கும் நடுவில் இடம் இருக்கிறது. அதே மையத்திலேயே வண்டி ஒதுக்கும் மேசை, ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு நோயாளிகளை மாற்றுவதை ஒருங்கிணைக்கும் மேசை, 48 மணி நேர விசாரிப்பு, தர ஆய்வு, புதியவர்களுக்கான பயிற்சி போன்ற வேலைகள் இருக்கும். இவற்றில் அலறலை நேரடியாகக் கேட்பது குறைவு, அழைப்பு எடுத்த அனுபவமோ முழுதாகப் பயன்படும். அழைப்பு மேசையில் இரண்டு மணி நேரம், ஒதுக்கும் மேசையில் இரண்டு மணி நேரம் என்று ஒரே ஷிஃப்ட்டில் சுழற்றினால் இன்னும் நல்லது.

கேட்கும்போது எழுத்தில் கேட்கட்டும்: எந்தத் தேதியிலிருந்து, எந்த மேசைக்கு, எத்தனை வாரத்துக்கு, மருத்துவர் சீட்டு இருந்தால் அதன் நகலோடு. "கொஞ்ச நாள் மாத்திக் குடுங்க மேடம்" என்று வாய்மொழியாகக் கேட்டது அடுத்த ரோஸ்டர் போடும்போது யாருக்கும் நினைவிருக்காது.